மிளகாய் நாற்றில் இலை சுருள்கிறதா? மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் இதைப் படியுங்கள்

கோத்தகிரிப் பக்கம், வீட்டை ஒட்டிய கொஞ்ச நிலத்தில் காந்தாரியும் நீட்டு மிளகாயும் போடுகிறேன். போன வருஷம் பிப்ரவரியில் இரண்டு குழித்தட்டு விதைத்தேன். மொத்தம் 196 குழி, முளைத்தது 170க்கு மேல், ஆனால் கடைசியில் நிலத்துக்குப் போனது 41 நாற்றுதான். நாலாவது இலை விரிந்த சமயத்தில் குருத்து சுருள ஆரம்பித்தது. போனில் போட்டோ எடுத்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன், போட்டோவைப் பார்த்ததும் "சுருட்டை விழுந்திருக்கு, இதை அடிங்க" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். வாரம் ஒரு முறை என்று மூன்று வாரம் அடித்தேன். சுருட்டை நிற்கவில்லை, தட்டு தட்டாகப் பரவியது. அப்புறம் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒருவர் இலையைத் திருப்பி லென்ஸில் அரை நிமிடம் பார்த்துவிட்டு, இது பூச்சியே இல்லை, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சிலந்தி (மைட்), நீங்கள் அடித்த மருந்து இதைத் தொடவே தொடாது என்றார். அந்த அரை நிமிடத்தை நான் முதல் நாளே செலவழித்திருந்தால் போதும்.

இலை சுருள்வது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி, காரணம் பத்து இருக்கலாம். சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகள் எடுத்தவுடன் வெள்ளை ஈயையும் வைரஸையும்தான் சொல்லும். நம் மலையில் அந்த வரிசை வேறு. இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது குளிரும் ஈரமும், அடுத்தது மஞ்சள் சிலந்தி, அதற்கப்புறம் இலைப்பேன் (திரிப்ஸ்). வைரஸ் பெரும்பாலும் கீழே இருந்து வாங்கி வரும் நாற்றோடுதான் மலை ஏறுகிறது. கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், உயரத்துக்குத் தகுந்தபடி நாள் கணக்கு மட்டும் மாறும்.

1. முதல் நாள் எதையும் அடிக்காதீர்கள், பிரித்து மட்டும் வையுங்கள்

சுருண்ட நாற்று இருக்கும் தட்டை மற்ற தட்டுகளிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது நல்ல தட்டை முதலில் முடித்துவிட்டு, கடைசியில்தான் சுருண்ட தட்டுக்கு வர வேண்டும். சிலந்தி கையிலும் சட்டைக் கையிலும் ஒட்டிக்கொண்டு போகும். நான் தினமும் காலையில் இரண்டு தட்டையும் ஒரே கையால் தடவித் தடவிப் பார்த்துத்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு சேர்த்தேன். பீடி, புகையிலைப் பழக்கம் இருப்பவர் நாற்றைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், புகையிலையிலிருந்து வரும் தேமல் வைரஸ் மிளகாய்க்கும் தொற்றும்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து ஐந்து விஷயம் எழுதி வையுங்கள்: விதைத்த தேதி, முதல் சுருள் கண்ணில் பட்ட தேதி, அதற்கு முந்தைய பத்து நாளில் நீங்கள் போட்ட உரம், அடித்த மருந்து, அந்த நாட்களின் வானிலை. விதைப் பொட்டலத்தையும் பில்லையும் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். பொட்டலத்தில் குவியல் எண்ணும் (லாட் நம்பர்) பரிசோதனை தேதியும் இருக்கும், விதை மேல் புகார் சொல்ல வேண்டி வந்தால் அது இல்லாமல் யாரும் பேசவே மாட்டார்கள். நான் பொட்டலத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

2. சாயங்காலம் நிமிர்கிறதா என்று பாருங்கள்

மதியம் ஒரு மணிக்கு ஒரு போட்டோ, சாயங்காலம் ஆறு மணிக்கு அதே நாற்றை அதே கோணத்தில் இன்னொரு போட்டோ. மதியம் சுருண்டு சாயங்காலம் இலை விரிந்துவிட்டால் அது வெயில், காற்று, தண்ணீர் சம்பந்தப்பட்டது. மருந்துக்கு வேலை இல்லை.

மலையில் இது அடிக்கடி நடக்கும். ஒரு வாரம் பனிமூட்டத்தில் கிடந்த நாற்று மெத்தென்று வளர்ந்திருக்கும், எட்டாம் நாள் வானம் திறந்து வெயில் அடித்தால் தாங்காது. இந்த உயரத்தில் வெயிலின் கடுமை அதிகம், காற்று குளிராக இருப்பதால் நமக்குத்தான் தெரிவதில்லை. இலை ஓரம் மேல்நோக்கி மடியும், சில இலையில் காகிதம் மாதிரி வெள்ளைத் திட்டு விழும். பாதி நிழல் தரும் வலையைக் கட்டி, ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கினால் சரியாகிவிடும்.

3. எந்த இலை என்று எண்ணுங்கள்

கீழே இருந்து எண்ணுங்கள். முதல் இரண்டும் விதையிலை, அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அடுத்து வருவது முதல் உண்மை இலை. விதைத்தோல் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு முளைத்த நாற்றில் இந்த முதல் இலை கசங்கித்தான் வரும். அடுத்த இலை நேராக வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அடி இலை மட்டும் சுருண்டு, குருத்து நன்றாக இருந்தால் வேர், ஈரம், உரம் பக்கம் பாருங்கள். குருத்து சுருண்டு அடி இலை நன்றாக இருந்தால் சிலந்தி, பேன், அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி), வைரஸ், களைக்கொல்லி, இவற்றில் ஒன்று. எல்லா நாற்றிலும் ஒரே நாளில் ஒரே மாதிரி வந்திருந்தால் அது உயிருள்ள எதிரியாக இருப்பது அபூர்வம், குளிரோ உரமோ மருந்தோதான். ஒரு மூலையில் ஆரம்பித்து நாளுக்கு நாள் பரவினால் அது உயிருள்ளது.

4. எந்தப் பக்கம் சுருள்கிறது

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். குருத்திலிருந்து இரண்டாவது மூன்றாவது இலையைப் பாருங்கள்.

தொன்னை மாதிரி ஓரங்கள் மேல்நோக்கி மடிந்திருந்தால் இலைப்பேன். இலையின் அடியில் நரம்பை ஒட்டி வெள்ளி பூசின மாதிரி, அல்லது துருப் பிடித்த மாதிரி கீறல் இருக்கும். இலை சின்னதாகிச் சுருங்கும்.

கவிழ்த்துப் போட்ட தொன்னை மாதிரி ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்திருந்தால் மஞ்சள் சிலந்தி, சிலர் முரணை என்றும் சொல்வார்கள். இதற்கு இன்னும் மூன்று அடையாளம் உண்டு. இலை குறுகி, காம்பு மட்டும் எலிவால் மாதிரி நீளும். இலையைத் தொட்டால் தடித்து மொறுமொறுவென்று இருக்கும், மடக்கினால் உடையும். குருத்து விரியாமல் கொத்தாக நின்றுவிடும். இதே சிலந்தி தேயிலைக் கொழுந்திலும் வாழும், அதனால் தோட்டத்தை ஒட்டி நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். என் தட்டுகள் இருந்த திண்ணைக்கும் தேயிலைக்கும் நடுவே ஆறடி இடைவெளிகூட இல்லை.

இலை கீழே வளைந்திருக்கிறது, ஆனால் குறுகவில்லை, காம்பு நீளவில்லை, இலை கனத்துத் தொங்குகிற மாதிரி இருக்கிறது என்றால் தண்ணீர் அதிகம். இதையும் சிலந்தியையும் குழப்பிக்கொள்வது சுலபம். சிலந்தி குருத்திலிருந்து கீழே வரும், தண்ணீர் அதிகமானால் அடி இலையில் ஆரம்பிக்கும்.

தாறுமாறாகக் கசங்கி, தொட்டால் பிசுபிசுப்பாக இருந்து, தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் அசுவினி. இதை வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம், இலையடியில் பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக இருக்கும், உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்கள் மாவு மாதிரி சிதறிக் கிடக்கும்.

இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, நரம்பு தடித்து, நரம்புக்கு நடுவே மஞ்சள் ஓடி, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து செடி குடை மாதிரி நின்றுவிட்டால் இலைச்சுருட்டு வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது.

இலை நாடா மாதிரி நீண்டு முறுக்கிக்கொண்டு, நரம்பெல்லாம் நெருக்கமாக இணையாக ஓடினால் களைக்கொல்லி. இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒரே நாற்றில் பேனும் சிலந்தியும் சேர்ந்தே இருக்கலாம், அப்போது ஓர் இலை மேலும் ஓர் இலை கீழும் சுருளும். குழம்ப வேண்டாம், அடுத்த படிக்குப் போங்கள்.

5. வெள்ளைத் தாள், லென்ஸ்

குருத்துக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து விரலால் மூன்று தட்டுத் தட்டுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். வெளிர் மஞ்சளில், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், சின்ன கோடு மாதிரி ஏதாவது நகர்ந்தால் இலைப்பேன். காலை ஒன்பது பத்து மணிக்கு, கொஞ்சம் வெயில் ஏறின பிறகு தட்டுங்கள். பனி விழும் ஆறு மணிக்குத் தட்டினால் எதுவும் நகராது, ஒன்றுமில்லை என்று ஏமாந்துவிடுவீர்கள்.

மஞ்சள் சிலந்தி தாளில் தெரியாது. அதன் நீளம் 0.2 மில்லிமீட்டர், கண்ணுக்கு அகப்படாது. நகைக்கடையில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி ஏதோ ஓடுவது தெரியும், அதைவிட 60 மடங்கு பெருக்கும் சட்டைப்பை மைக்ரோஸ்கோப் நல்லது, நான் 280 ரூபாய்க்கு வாங்கினேன். குருத்துக்கு அடுத்த இளம் இலையைப் பறித்து அடிப்பக்கம் பாருங்கள். முட்டை இருந்தால் சந்தேகமே வேண்டாம், நீள்வட்டமாக, மேலே வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளி வைத்து, வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாத அழகு அது.

ரொம்பச் சுருண்டு காய்ந்த இலையில் தேடாதீர்கள். சிலந்தி அங்கிருந்து கிளம்பி இளம் இலைக்குப் போய் நாளாகியிருக்கும். நான் முதலில் தேடிய இலையெல்லாம் அப்படிப்பட்டதுதான், ஒன்றுமே காணாமல் வைரஸ் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

6. தட்டைத் தூக்கிப் பாருங்கள், ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள்

காலையில் தண்ணீர் ஊற்றிய தட்டு மறுநாள் மதியமும் அதே கனமாக இருந்தால் அதற்குத் தண்ணீர் வேண்டாம். தென்னை நார்க்கழிவு மேலே காய்ந்த மாதிரி வெளுத்திருக்கும், அடியில் பிழிந்தால் சொட்டும். சமவெளியில் தினம் இரண்டு வேளை என்று சொல்வதை இங்கே கடைப்பிடித்தால் நாற்று மூச்சுத் திணறும். பனிமூட்டமான வாரத்தில் நான் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் ஊற்றுகிறேன், அதுவும் காலை பத்து மணிக்கு, வெதுவெதுப்பான தண்ணீர். குழாயில் வரும் ஜில் தண்ணீரை நேரடியாக ஊற்றாதீர்கள்.

ஒரு நாற்றைத் தியாகம் செய்யுங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் கையில் வந்தால் அழுகல், அந்தத் தட்டில் தண்ணீரை நிறுத்துங்கள்.

இலையின் அடியில் மணல் ஒட்டின மாதிரி சின்னச் சின்னக் கொப்புளம் இருந்து, இலை லேசாகச் சுருண்டிருந்தால் பயப்படாதீர்கள். வேரில் ஈரம் அதிகம், காற்றிலும் ஈரம் அதிகம், இலை தண்ணீரை வெளியேற்ற முடியாமல் வீங்குகிறது. இது தொற்றாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இது வரும், கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தட்டுகளை விலக்கிக் காற்றோட்டம் கொடுத்தால் அடுத்த இலை சுத்தமாக வரும்.

7. ராத்திரி எவ்வளவு குளிர்

மிளகாய் வெப்பத்துக்குப் பிறந்த செடி. 20 முதல் 30 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். 15க்குக் கீழே வளர்ச்சி சுணங்கும், 10ஐத் தொட்டால் நின்றே போகும், இலை கருகரு பச்சையாகி உள்ளே மடங்கும், சிலது நீலம் பாய்ந்த மாதிரி தெரியும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், உதகை 2,240. ஜனவரியில் உதகைப் பள்ளங்களில் புல் மேல் உறைபனி விழும் நாளில் வெளியே வைத்த நாற்று பிழைக்காது.

மிகக் குறைந்த வெப்பத்தையும் மிக அதிக வெப்பத்தையும் நினைவில் வைத்துக் காட்டும் வெப்பமானி ஒன்றைத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், 350 ரூபாய் ஆனது எனக்கு. வீட்டுக்குள்தானே இருக்கிறது என்று நினைத்த ஜன்னலோரத்தில் விடியற்காலை 9 டிகிரி காட்டியது. அன்றைக்கே தட்டை சமையலறைக்குள் அடுப்புக்குப் பக்கத்து மேடைக்கு மாற்றினேன், ராத்திரி மட்டும். இப்போது விதைப்பையும் தள்ளிவிட்டேன், பிப்ரவரி கடைசிக்கு முன் விதையைத் தொடுவதில்லை. சீக்கிரம் விதைத்தால் சீக்கிரம் காய்க்கும் என்பது இங்கே நடக்காது. குளிரில் நின்ற நாற்றைப் பின்னால் விதைத்தது முந்திவிடும்.

8. மண், எரு, களைக்கொல்லி

தேயிலைக்காட்டு மண்ணை எடுத்துத் தொட்டியில் நிரப்பாதீர்கள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பி.எச். (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) பிடிக்கும், மிளகாய்க்கு 6ஐ ஒட்டி இருக்க வேண்டும். அமில மண்ணில் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் குருத்து இலை ஓரம் கருகிக் கோணலாக வளையும். நிறம் மாறும் சோதனைத் தாள் 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பங்கு மண்ணில் இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து அரை மணி நேரம் கழித்துத் தோய்த்துப் பாருங்கள். அமிலமாக இருந்தால் பத்துக் கிலோ மண்ணுக்கு 20 முதல் 30 கிராம் டாலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் தூள்) கலந்து, ஈரமாக்கி, இரண்டு மூன்று வாரம் வைத்துவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். நாற்று நின்ற பிறகு மேலே தூவிப் பலன் எதிர்பார்க்க முடியாது.

மக்காத கோழி எரு நாற்றுக்கு விஷம். இலை நுனி கருகி, ஓரம் கீழே வளையும். காரட்டுக்குப் போட்டதில் மிச்சம் இருக்கிறதே என்று ஒரு கைப்பிடி போட்டுவிடாதீர்கள். போட்டுவிட்டால் தட்டின் அடியில் வழியும் அளவுக்கு ஒரே ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி, அப்புறம் காய விடுங்கள்.

களைக்கொல்லி விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். 2,4-டி மாதிரி மருந்து காற்றில் கொஞ்சம் வந்து பட்டாலே மிளகாயும் தக்காளியும் முறுக்கிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்தில் எப்போது களைமருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தட்டை வீட்டுக்குள் எடுங்கள். கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள், எங்கள் பக்கத்து அண்ணன் இப்போது முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறார். அதைவிடப் பெரிய பொறி, இரவல் வாங்கின தெளிப்பான். களைமருந்து அடித்த டேங்கை மூன்று முறை கழுவினாலும் குழாயிலும் முனையிலும் மிச்சம் நிற்கும். நாற்றுக்கென்று ஒரு லிட்டர் கைத்தெளிப்பான் தனியாக வாங்கிவிடுங்கள், 150 ரூபாய்தான்.

9. காரணம் தெரிந்த பிறகு மருந்து

மஞ்சள் சிலந்தி என்று உறுதியானால், ரொம்பச் சுருண்ட குருத்தைக் கிள்ளி நெருப்பில் போடுங்கள். மூன்று நாலு நல்ல இலை விட்டுக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், நாற்று சாகாது. அப்புறம் நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம், இலையடி நனைய. இங்கே ஒரு மலைக்கணக்கு இருக்கிறது. கந்தகம் வேலை செய்யக் கொஞ்சம் வெப்பம் வேண்டும், குளிரான பனிமூட்ட நாளில் அடித்தால் சும்மா பூசின மாதிரிதான். வெயில் வரும் நாளாகப் பார்த்து, இலை மேல் பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பது மணி வாக்கில் அடித்து, சுள்ளென்று அடிக்கும் மதிய வெயிலுக்கு நிழலில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. முட்டையில் இருந்தது அதற்குள் பொரித்திருக்கும், ஒரே முறையோடு நிறுத்தினால் திரும்ப வரும். அரை கிலோ பொட்டலம் 110 ரூபாய், எனக்கு மூன்று வருஷத்துக்கு வரும்.

பேன், அசுவினி, வெள்ளை ஈ என்றால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மி.லி., காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், சாயங்காலம். மலையில் டிசம்பர் ஜனவரியில் வேப்பெண்ணெய் நெய் மாதிரி உறைந்துவிடும், அதை அப்படியே கரண்டியால் எடுத்துத் தண்ணீரில் போட்டால் கலக்காமல் கட்டி கட்டியாக இலையில் ஒட்டிப் பொசுக்கும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி இளக்கி, சோப்புத் தண்ணீரில் முதலில் குலுக்கி, பால் மாதிரி வெளுத்த பிறகு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். முதலில் இரண்டு நாற்றுக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். பேனுக்கு நீல ஒட்டுப்பொறி, வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் மஞ்சள், தட்டுக்கு ஒன்று போதும்.

பேன் வேப்பெண்ணெய்க்கு அடங்கவில்லை என்றால் ஸ்பைனோசாட் 45 எஸ்சி, லிட்டருக்கு 0.3 மி.லி., சின்னக் குப்பியாகக் கேளுங்கள். ஈரம் காயும் வரை தேனீக்கு ஆபத்து, அதனால் இருட்டும் நேரத்தில் மட்டும்.

கந்தகமும் எண்ணெயும் சேரவே கூடாது. ஒன்று அடித்தால் மற்றதற்கு இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும்.

போன வருஷம் கடையில் எனக்குக் கொடுத்தது இமிடாகுளோப்ரிட். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது மருந்துதான், ஆனால் சிலந்தி பூச்சி இனம் இல்லை, எட்டுக் கால் உயிரி. அந்த மருந்து சிலந்தியைக் கொல்லாது, சிலந்தியைத் தின்னும் நல்ல உயிர்களைக் கெடுத்துச் சிலந்தி பெருகவும் இடம் கொடுக்கும். 100 மி.லி. பாட்டிலுக்கு நான் கொடுத்தது 240 ரூபாய், அதோடு மூன்று வாரமும் நூற்று முப்பது நாற்றும் போயின. கடையில் எதை வாங்கினாலும் லேபிளில் மிளகாய் என்று பயிர் பெயரும் உங்கள் பூச்சியின் பெயரும் இருக்கிறதா என்று படியுங்கள். லேபிளில் விஷத்தின் கடுமையைக் காட்டும் முக்கோணத்தின் நிறத்தையும் பாருங்கள், சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. வீட்டுத் திண்ணையில் நாற்று வளர்ப்பவருக்குச் சிவப்பும் மஞ்சளும் தேவையே இல்லை. பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

சுருண்ட இலை எந்த மருந்துக்கும் திரும்ப விரியாது. இது தெரியாமல்தான் பலரும் மருந்து மாற்றி மருந்து அடிக்கிறார்கள். புதிதாக வரும் இலையை மட்டும் பாருங்கள். சமவெளியில் ஒரு வாரத்தில் புது இலை சொல்லிவிடும், இங்கே இரண்டு வாரம், குளிர் அதிகமானால் மூன்று. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான வேலை.

10. வைரஸ் என்றால்

பிடுங்கி எரித்துவிடுங்கள். வைரஸுக்கு மருந்து கிடையாது, வைரஸ் மருந்து என்று யாராவது விற்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்தோ ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டுப் பக்கமிருந்தோ நாற்று வாங்கி வந்தால் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதோடு சேருங்கள். பூச்சி நுழையாத 40 கண் நைலான் வலைக்குள் வளர்த்த நாற்றா என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் வேலியோரம் மரத்தக்காளி, ஊமத்தை, மணத்தக்காளி இருந்தால் அதன் இலையடியையும் வாரம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள், எல்லாம் மிளகாயின் சொந்தக்காரர்கள், அசுவினியும் வெள்ளை ஈயும் அங்கே குடியிருந்துவிட்டுத்தான் நாற்றுக்கு வரும்.

11. நேரில் காட்டப் போகும்போது

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் காட்டுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் என்றால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். நீலகிரியில் குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) வேளாண் அறிவியல் நிலையமும், உதகையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. பழனி மலைக்காரர்களுக்குக் கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் அதே பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் உண்டு. போவதற்கு முன் போன் பண்ணிவிடுங்கள், களப்பணிக்குப் போயிருந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண்.

எடுத்துப் போக வேண்டியவை: வேரும் மண்ணும் சேர்ந்த சுருண்ட நாற்று இரண்டு, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நாற்று ஒன்று, முதல் நாள் ஆரம்பித்த நோட்டு, விதை பில், மருந்து பில், மருந்து பாட்டிலின் லேபிள் போட்டோ. நாற்றைச் செய்தித்தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டால் வேர்த்து, போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும், இங்கே பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் அந்தத் தவறு செய்யவும் வாய்ப்புக் குறைவு. காலையில் பிடுங்கி அன்றே கொண்டு போங்கள், முந்தின நாள் பிடுங்கியதில் சிலந்தி தேட முடியாது. மண்ணும் பரிசோதிக்கக் கொடுப்பதாக இருந்தால் நிலத்தில் நாலைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, நிழலில் உலர்த்தி அரை கிலோ. கூடவே சிட்டா நகலும் ஆதார் நகலும் வைத்துக்கொள்ளுங்கள், மண் பரிசோதனைக்கும் மானியத்துக்கும் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். போட்டோ மட்டும் காட்டிப் பதில் வாங்க நினைக்காதீர்கள், எனக்கு எல்லாம் தப்பிப் போனது அந்த ஒரு போட்டோவில்தான்.

12. செலவும் நாளும்

இந்த வருஷம் மைக்ரோஸ்கோப் 280, வெப்பமானி 350, கைத்தெளிப்பான் 150, சோதனைத் தாள் 100, கந்தகம் 110, வேப்பெண்ணெய் கால் லிட்டர் 120, ஒட்டுப்பொறி நாலு 60. மொத்தம் 1,170 ரூபாய், இதில் பாதிக்கு மேல் ஒரு முறை வாங்கினால் பல வருஷம் உழைக்கும் சாமான்.

சமவெளியில் 35 முதல் 40 நாளில் நடவுக்குத் தயாராகும் நாற்று, என் திண்ணையில் 60 நாள் எடுக்கிறது. இந்த முறை மார்ச் 1ஆம் தேதி விதைத்து, மே முதல் வாரம் கோடை மழையோடு நட்டேன். நடுவில் 26ஆம் நாள் ஒரு மூலையில் ஆறு நாற்றின் குருத்து கவிழ்ந்தது. அன்றைக்கே பிரித்து, லென்ஸில் பார்த்து, கிள்ளி, இரண்டு முறை கந்தகம் அடித்தேன். ஆறும் பிழைத்தன, வேலியோரம் கடைசி வரிசையில் இருப்பவை அவைதான், மற்றவற்றைவிட ஒரு சாண் குட்டை, ஆனால் பூ வைத்துவிட்டன.